மரத்தில் முதலிட விரும்பும் யாழ்ப்பாணத்தவருக்கு: காணி உறுதி முதல் லொறி அனுமதி வரை

கடந்த பதினான்கு ஆண்டுகளில் நான் மரத்தில் மூன்று வழிகளில் பணம் போட்டேன். முதலாவது, தென்னிலங்கையில் அகில் மரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு கம்பனியின் திட்டம்; அதில் போட்ட பணம் திரும்பி வரவில்லை. இரண்டாவது, கிளிநொச்சி மாவட்டத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் காணியில் நட்ட தேக்கு. மரங்கள் நன்றாக நிற்கின்றன, ஆனால் காணிப் பத்திரங்களைச் சீர்செய்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் சென்றன. மூன்றாவது, கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கிய பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகள். இவற்றைத் தவிர, தகப்பனார் கோப்பாய் வளவில் நட்டுவிட்டுப் போன பதினொரு தேக்கு மரங்களைத் தறித்து விற்ற அனுபவமும் உண்டு. உண்மையில் மரம் எப்படிப் பணமாகிறது என்பதை அந்தப் பதினொரு மரங்களே எனக்குக் கற்பித்தன.

அங்கே விளங்கிக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில், சட்டப்படி தறித்து, வீதியில் ஏற்றி, மரக்காலைக்குக் கொண்டுபோய் விற்க முடியாத மரம் எவ்வளவு பருத்தாலும் முதலீடாகாது. ஆகவே நடுவதைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழுள்ள படிகளை அந்த எண்ணத்துடனேயே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

1. உங்கள் வயதையும் மரத்தின் வயதையும் ஒரே தாளில் எழுதுங்கள்

தேக்கு வைரம் பாய்ந்து நல்ல விலைக்குப் போவதற்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாவது வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுத் தேக்கில் பெரும்பகுதி வெள்ளையாகவே, அதாவது வைரம் ஏறாத மென்பகுதியாகவே இருக்கும். தச்சர்கள் அதைக் கதவு நிலைக்கு எடுக்கமாட்டார்கள், கப்பாகவும் சிறு பலகையாகவுமே போகும். நீங்கள் ஐம்பது வயதில் நட்டால் அறுவடை உங்கள் பிள்ளைகளுடையது என்பதை மனத்தில் ஏற்றுக்கொண்டு, அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் குடியுரிமை பெற்றவர்களாக இருந்தால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

அடுத்து, எவர் எந்த வருமானத்தைக் காட்டினாலும் அதை ஆண்டு வட்டியாக மாற்றிப் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபா இருபது ஆண்டுகளில் பத்து இலட்சமாகும் என்றால் பெரிய தொகை போலத் தெரியும். கூட்டுவட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 12.2 வீதமே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நாட்டின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அப்படியான ஓர் ஆண்டு இடையில் வந்தாலே, ரூபாவில் எழுதிக்கொடுக்கப்பட்ட தொகை என்ன பெறுமதியுடன் கைக்கு வரும் என்பதை நீங்களே கணிக்கலாம். நிற்கும் மரத்துக்கு இந்த விடயத்தில் ஒரு நன்மை உண்டு: பொருள்களின் விலை ஏறும்போது மரத்தின் விலையும் ஏறுகிறது. ஒப்பந்தத் தாளில் எண்ணால் எழுதப்பட்ட தொகைக்கு அந்த நன்மை கிடையாது.

இடையில் எடுக்கவேண்டி வரக்கூடிய பணத்தை மரத்தில் போடாதீர்கள். சீதனம், வைத்தியச் செலவு, வீடு திருத்தம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிய காசு வங்கியிலேயே இருக்கட்டும்.

2. தறிக்கவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்பதை நடுவதற்கு முன் விசாரியுங்கள்

சொந்தக் காணியில் நிற்கும் மரம் என்பதற்காக எதையும் நினைத்தபடி தறித்துவிட முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் முன்னனுமதி பெறவேண்டும். எங்கள் பகுதியில் பனங்கூடலோடு காணி வாங்குபவர்கள், பனைகளைத் தறித்துச் சிலாகைக்கு விற்றே காணியின் விலையில் பாதியை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

தேக்கு போன்ற மரங்களை ஏற்றிச் செல்வதற்கு வனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். சில மர வகைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதால், நீங்கள் நட எண்ணும் மரம் அன்றைய நிலையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதே வேளையில், தனியார் மரத்தோட்டமாகப் பதிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நட்ட ஆண்டிலேயே உங்கள் மரங்களைப் பற்றி அலுவலகக் கோப்பில் ஒரு தாள் இருந்தால், முப்பது ஆண்டுகள் கழித்து அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை தேடவேண்டியதில்லை.

கோப்பாய் மரங்களுக்கு என்னிடம் கேட்கப்பட்டவை இவை: விண்ணப்பப் படிவம், காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், காணியும் மரமும் எனக்குரியவை என்ற கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், தறிக்கவிருந்த ஒவ்வொரு மரத்தினதும் சுற்றளவு குறித்த பட்டியல். உறுதி தகப்பனாரின் பெயரில் இருந்தது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தும் நாங்கள் சகோதரர்கள் காணியைப் பிரித்து எழுதியிருக்கவில்லை. இதனால் விதானையார் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்திக் கையெழுத்திட மறுத்தார்; அவர் செய்தது சரிதான். பிரிவினை உறுதி எழுதி, பதிந்து, திரும்பவும் விண்ணப்பிக்க ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் மாரி தொடங்கிவிட்டதால் லொறி வளவுக்குள் இறங்க முடியாமல் இன்னும் மூன்று மாதங்கள் பொறுத்திருந்தோம். மரம் தறிக்க எண்ணுபவர்கள் மாசி, பங்குனியில் வேலை முடியும்படி முந்தைய ஆவணியிலேயே பத்திர வேலையைத் தொடங்குவது நல்லது.

3. காணி வாங்குவதானால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்

வலிகாமத்தின் செம்மண் காணியில் வெங்காயமும் வாழையும் தரும் வருமானத்தைத் தேக்கு ஒருநாளும் தராது. ஆகவே மரத்துக்கென்று காணி தேடுபவர்கள் பெரும்பாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் போகிறார்கள். மண் ஆழமானது, காணியின் விலையும் குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்து உறுதிக் காணியோடு பழகியவர்கள் அங்கே தடுமாறும் இடங்கள் பல.

முதல் கேள்வி, அது உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்பது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதை வெளியாருக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்றவரும் உரிய அதிகாரியின் முன்சம்மதத்தோடுதான் கைமாற்றலாம். நூறு ரூபா முத்திரை ஒட்டிய தாளில் உடன்படிக்கை எழுதிக் காணியைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தத் தாளை வைத்து நீங்கள் வேலி அடைக்கலாம், மரம் நடலாம். போக்குவரத்து அனுமதி கேட்கும் நாளில் அது எதற்கும் உதவாது.

உறுதிக் காணி என்றால், காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குரிய பதிவேட்டுப் பிரதிகளை எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். விற்பவர் தரும் உறுதியின் பிரதியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். என் காணியில், 1990களில் இடம்பெயர்ந்து போன ஒரு பங்காளியின் கையெழுத்து எந்த உறுதியிலும் இல்லை. பணம் கொடுத்த பின்னரே அது தெரியவந்தது. அவரைக் கனடாவில் தேடிப் பிடித்துச் சம்மதம் பெறுவதற்குள் ஓர் ஆண்டு கடந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை இங்கே நேரடியாக வருகிறது. பிரிக்கப்படாத காணியில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால், பிறகு வழக்கு வைக்க இடமிருக்கிறது. அதேபோல், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்க, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சீதனக் காணி வாங்குபவர்கள் கணவரின் கையெழுத்து உறுதியில் இருக்கிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலம் விற்றால், அந்தப் பத்திரம் பதியப்பட்டதா, ரத்துச் செய்யப்படவில்லையா, காணி விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்ற நான்கையும் உறுதிசெய்யுங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே தத்துவமும் செல்லுபடியற்றதாகிறது.

வன்னிக் காணிக்கு மட்டும் உரிய இரண்டு விசாரணைகள் உண்டு. ஒன்று, அந்தக் காணி வனமாகவோ வனவிலங்கு ஒதுக்கமாகவோ வர்த்தமானியில் எல்லையிடப்பட்டதா என்பது. போர்க்காலத்தில் மனிதர் இல்லாமல் காடேறிய காணிகளில் இந்தச் சிக்கல் அதிகம். பிரதேச செயலகத்திலும் வன அலுவலகத்திலும் அளவைப் படத்தைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். மற்றது கண்ணிவெடி. முகமாலைப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்ததை எல்லோரும் அறிவோம். முகமாலையிலிருந்து தெற்கே எங்கு வாங்கினாலும், அந்தத் துண்டு துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டது என்ற ஆவணத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்த்த பின்னரே மண்வெட்டியை இறக்குங்கள். மரம் நடுவதற்குக் குழி ஆழமாக வெட்டவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பற்றி: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவினருக்கு முதுசமாகச் சேர்வதற்கும் இடமுண்டு. கனடாவில் இருக்கும் மகனின் பெயரில் காணி எழுத எண்ணும் பெற்றோர், முதலில் அவருக்கு இரட்டைக் குடியுரிமை எடுப்பதைப் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, காணி விலைக்கு மேல் இவற்றை ஒதுக்குங்கள்: முத்திரைத் தீர்வை, நொத்தாரிசின் கட்டணம், பதிவுக் கட்டணம், உரிமம் பெற்ற நில அளவையாளரின் கூலி, எல்லைக்கல், வேலி. என் உறுதிக்கு முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை கட்டினேன். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய செலவு வேலியே. கட்டாக்காலி மாடுகளும், சில இடங்களில் யானைகளும் வருவதால், முதல் மூன்று ஆண்டுகளில் வேலியில் மிச்சம் பிடிக்க முடியாது.

4. மரத்தையும் இடைவெளியையும் தெரிதல்

சிறிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வேலியோர நடுகையையே. கிளுவைக் கதியாலும் பூவரசும் நிற்கும் எல்லையில், பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக வேம்போ தேக்கோ வைத்தால் காணிச் செலவு என்று ஒன்றுமில்லை. வேம்பு எங்கள் மண்ணுக்கு உரியது, தண்ணீர் கேட்காது, கறையானுக்கு இலகுவில் இடம் கொடுக்காது. நிலை, யன்னல் செய்ய எப்போதும் வாங்க ஆள் உண்டு. எல்லைக் கோட்டின் மேலேயே நடாமல், உங்கள் பக்கமாக மூன்றடியாவது தள்ளி நடுங்கள். எல்லை மரம் யாருடையது என்ற பிணக்கு, மரம் பருத்த பிறகுதான் கிளம்பும்.

தேக்குக்கு ஆழமான, நீர் வடியும் மண் வேண்டும். தீவகத்திலும் குடாநாட்டின் கரையோரங்களிலும் ஓரிரு அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுகிற இடங்களில் அது சில ஆண்டுகள் செழித்துவிட்டு நின்றுபோகும். வாங்குவதற்கு முன் மூன்று நான்கு இடங்களில் நாலடிக் குழி வெட்டிப் பாருங்கள். எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதால், முதல் மழை நன்றாக இறங்கியதும் நட்டுவிட வேண்டும். முதல் இரண்டு கோடைகளுக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். மகோகனிக்கு எங்கள் வரட்சி ஏற்றதன்று. நாற்று மேடைக்காரர் என்ன சொன்னாலும் அதில் பெரிய தொகையைப் போடாதீர்கள்.

இடைவெளிக் கணக்கு எளிது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. பத்தடிக்குப் பத்தடி வைத்தால் ஒரு பரப்பில் 27 மரங்கள் நிற்கும். அவற்றிலும் பாதிக்கு மேற்பட்டவற்றை இடையில் கலைத்தெடுத்தால்தான் மிகுதி பருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

5. கம்பனிகளின் மரத்திட்டம்: கையெழுத்திடுவதற்கு முன்

நான் பணத்தை இழந்தது இங்கேதான். ஆகவே விரிவாக எழுதுகிறேன். அந்தக் கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை, முறை எல்லா இடத்திலும் ஒன்றே. ஒரு சிறு துண்டு நிலத்தில் இத்தனை மரம் உங்களுக்கு என்று சான்றிதழ் தருவார்கள், பராமரிப்பு அவர்களுடையது, குறித்த ஆண்டில் அவர்களே அறுவடை செய்து பணம் தருவார்கள். பணம் தரவேண்டிய ஆண்டில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த டச்வுட் கம்பனியே மகோகனி, அகில் தோட்டங்களைப் பொதுமக்களுக்கு விற்று, முதலீட்டாளர்களுக்குரியதைக் கொடுக்க முடியாமல், 2014இல் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. பட்டியலிடப்பட்டிருப்பது பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் அதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கேட்கவேண்டிய முதல் கேள்வி: என் பெயரில் எழுதப்படுவது என்ன? காணி உறுதியா, பதிவு செய்த குத்தகையா, அல்லது கம்பனி அச்சிட்ட சான்றிதழா? சான்றிதழ் என்றால் உங்களுக்கு மரமும் இல்லை, நிலமும் இல்லை. கம்பனி பணம் தரும் என்ற வாக்கு மட்டுமே உண்டு. குத்தகை என்றால் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்றும், கம்பனிக்கே அந்த நிலம் சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா என்றும் நீங்களே பதிவேட்டைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அந்தத் தோட்டம் முழுவதும் ஒரு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்ததை, கம்பனி மூடப்பட்ட பிறகே அறிந்தேன்.

இரண்டாவது, அவர்களுடைய அளவுக் கணக்கைச் சோதியுங்கள். எனக்குக் காட்டிய அட்டவணையொன்றில் பத்துப் பேர்ச்சில், அதாவது எங்கள் ஒரு பரப்பில், அறுபது தேக்கு மரங்கள். ஒவ்வொன்றும் இருபது ஆண்டில் இருபது கன அடி தரும் என்று இருந்தது. இருபது கன அடி வருவதற்கு, மரக்காலைக் கணக்கின்படி, இருபதடி நீளத்துக்குச் சராசரி 48 அங்குலச் சுற்றளவு வேண்டும். ஒரு பரப்பில் அறுபது மரங்களை நெருக்கி வைத்து அத்தனையையும் அந்தப் பருமனுக்கு வளர்க்க எந்த மண்ணாலும் முடியாது. கலைத்தெடுத்த பிறகு நிற்கும் மரங்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அகில் என்றால் இன்னும் ஒரு கேள்வி உண்டு. அந்த மரத்தின் விலை அதன் பிசினில்தான். மரம் காயப்பட்டு, பூஞ்சணம் பிடித்தால்தான் பிசின் ஊறும். ஊறாத மரம் விறகு விலைக்கும் போகாது. எந்த முறையில், எந்த ஆண்டில், யாருடைய செலவில் பிசின் ஊறச்செய்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலும் அகில் இன மரங்கள் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், ஏற்றுமதிக்குத் தனி அனுமதி தேவை. உள்ளூரில் வாங்க ஆளில்லாத ஒரு பொருளுக்கு அந்த அனுமதி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, உரிமம். கம்பனிப் பதிவாளர் வழங்கும் கூட்டிணைப்புச் சான்றிதழ், அந்தக் கம்பனி பதியப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. நிச்சயமான வட்டியோ தொகையோ தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேடுங்கள். உங்களைச் சேர்த்தவருக்கு தரகும், நீங்கள் இன்னொருவரைச் சேர்த்தால் உங்களுக்குத் தரகும் உண்டு என்றால், அது வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டமாக இருக்கலாம். எங்கள் ஊரில் இவை பெரும்பாலும் உறவினர் மூலமாகவே வருகின்றன. மறுப்பதற்குக் கூச்சப்பட்டே பலர் கையெழுத்திட்டார்கள். நானும் அப்படித்தான் இட்டேன்.

6. பங்குச் சந்தை வழியாக

காணியும் வேலியும் வேண்டாம் என்பவர்களுக்கு இது எளிய வழி. வாங்கிய பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகும் மத்திய வைப்புத் திட்டத்தில் ஒரு கணக்குத் திறக்கவேண்டும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், முகவரியை உறுதிசெய்யும் பற்றுச்சீட்டு ஆகியவை போதும். பங்குத் தரகர் மூலமாகவோ பங்குச் சந்தையின் கைப்பேசிச் செயலி மூலமாகவோ திறக்கலாம். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகும் வரிகளும் சேர்ந்து 1.12 வீதம் கழியும்; ஒரு இலட்சம் ரூபாவுக்கு 1,120 ரூபா.

மரத்துக்கென்றே ஒரு பங்கு எங்கள் சந்தையில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தலவாக்கலை, கேகாலை, எல்பிட்டிய போன்ற பெருந்தோட்டக் கம்பனிகளின் முதன்மை வருமானம் தேயிலை, இறப்பர் முதலியவற்றிலிருந்தே வருகிறது. அவற்றின் காணிகளில் யூக்கலிப்டஸ் முதலான மரங்களும் நிற்கின்றன. ஆண்டறிக்கையில் "நுகரத்தக்க உயிரியல் சொத்துகள்" என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கேதான் மரத்தின் பெறுமதி இருக்கும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 41இன்படி, நிற்கும் மரத்தின் பெறுமதி கூடினால் அந்தக் கூடுதல் அந்த ஆண்டின் இலாபத்தில் சேர்க்கப்படும். ஒரு மரமும் தறிக்கப்பட்டிருக்காது, ஒரு ரூபாவும் வந்திருக்காது. ஆகவே இலாப எண்ணைப் பார்த்துப் பங்கிலாபத்தை எதிர்பார்க்காமல் காசுப்பாய்ச்சல் கூற்றைப் பாருங்கள். மரம் விற்று வந்த பணம் எவ்வளவு என்பது அதில் தெரியும்.

இன்னொன்று, இந்தக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசிடமிருந்து பெற்ற குத்தகைக் காணிகள். அந்தக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. இப்போது நடப்படும் மரத்தின் அறுவடைக் காலத்தை அந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

7. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு

இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுப் பங்குகளில் முதலிடுவதற்கு 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்காவின் வெயர்ஹவுசர், ரேயோனியர் போன்றவை காட்டு நிலங்களையே சொத்தாகக் கொண்ட பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். உலகின் மரக் கம்பனிகள் பலவற்றை ஒன்றாக வாங்கும் சந்தை நிதியங்களும் (ETF) உண்டு. ஆனால் அவற்றுள் காகித, பொதி உற்பத்திக் கம்பனிகளும் கலந்திருக்கும் என்பதால் உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்கவேண்டும். இந்தப் பங்குகள் அமெரிக்காவில் வீடு கட்டும் வேகத்தோடு ஏறி இறங்குபவை. கனடாவில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது, அமெரிக்கப் பங்கிலாபத்தில் பிடிக்கப்படும் 15 வீத வரி ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் (RRSP) விலக்கப்படும், வரியற்ற சேமிப்புக் கணக்கில் (TFSA) விலக்கப்படாது என்பது.

அவர்கள் கொழும்புப் பங்குகளை வாங்குவதானால் பணத்தை, வெளிநாட்டிலிருப்பவர் இங்கே முதலிடுவதற்காகத் தம் பெயரில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக அனுப்பவேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி உங்கள் பெயரில் வாங்கினால், பிறகு அந்தப் பணத்தை முறையாகத் திருப்பி எடுக்க முடியாது. குடும்பத்துக்குள் மனக்கசப்பு வருவதும் இங்கேதான்.

8. அளவும் விலையும் ஏற்றும் நாளும்

மரக்காலைக்காரரை வளவுக்கு அழைக்கும் முன் நீங்களே நாடா பிடித்து அளந்துவையுங்கள். கணக்கு இது: குற்றியின் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடியிலுள்ள நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்கவேண்டும். 36 அங்குலச் சுற்றளவும் எட்டடி நீளமும் உள்ள குற்றி 4.5 கன அடி. குற்றியின் உண்மையான கனவளவில் இது 78.5 வீதமே; அரியும்போது ஏற்படும் கழிவுக்காக வழக்கத்தில் இப்படிக் குறைத்து எடுக்கிறார்கள். இதற்கு மேல் பட்டைக்கு, வளைவுக்கு, வெள்ளைக்கு என்று திரும்பவும் கழிக்க முற்பட்டால் ஏற்காதீர்கள்.

நிற்கும் மரங்களை மொத்தமாகக் கண்மதிப்பில் விலை பேசுவதே பெரிய நட்டம். எனக்கு முதலில் கேட்கப்பட்ட மொத்த விலையும், குற்றியாக அளந்து பின்னர் பெற்ற விலையும் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு என்று இருந்தன. அரச மரக்கூட்டுத்தாபனம் இனத்துக்கும் சுற்றளவு வகுப்புக்கும் ஏற்பக் குற்றிகளை விலையிட்டு விற்கிறது. அந்த விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு, குறைந்தது மூன்று மரக்காலைகளில் பேசுங்கள். சுற்றளவு கூடக்கூட ஒரு கன அடிக்கான விலையும் கூடும் என்பதால், மெலிந்த மரங்களை இன்னும் ஐந்தாறு ஆண்டு விட்டுவைக்கலாமா என்றும் யோசியுங்கள். தறிகூலி, கிளை நறுக்கும் கூலி, ஏற்றுகூலி, லொறி வாடகை யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள்.

நட்ட நாள் முதல் ஒரு கோப்பைப் பேணுங்கள். நாற்று வாங்கிய பற்றுச்சீட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த படம், கூலிச் செலவு, அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்றும் நாளில் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நில்லுங்கள். குற்றிகளின் எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, குற்றியில் அடித்த முத்திரை, செல்லும் பாதை, திகதி எல்லாம் பத்திரத்தோடு பொருந்தவேண்டும். இரவில் ஏற்றிச் செல்ல முடியாது என்பதால், மாலைக்குள் மரக்காலையை அடையும்படி விடியற்காலையிலேயே ஏற்றத் தொடங்குங்கள். வழியில் மறிக்கப்படும்போது பத்திரத்துக்குப் புறம்பாக ஒரு குற்றி இருந்தாலும் முழு லொறியும் நிறுத்தப்படும். மரத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் விசாரணைக்குப் போகவேண்டியவர் நீங்கள்தான். எனக்கு, பேசியிருந்த லொறி பழுதென்று சொல்லி வேறொன்றை அனுப்பினார்கள். பத்திரத்தில் பழைய லொறியின் இலக்கம் இருந்தது. சாரதி ஒன்றும் நடக்காது என்றார். நான் ஏற்ற விடாமல் வன அலுவலகத்துக்குப் போய் இலக்கத்தைத் திருத்தி வாங்கி வந்து, மறுநாள் காலையிலேயே ஏற்றினேன்.